ஸ்டாக் இல்லீங்

சென்னியப்பன் எப்போது பற்றவைப்பார் என்பது
அவர் வீட்டம்மாவைவிட எனக்குத்தான் தெரியும்.
ஆறேகாலுக்கு, ராத்திரி ஷிப்ட் முடிந்து
காதில் பஞ்சு ஒட்டியபடி வரும்போது ஒன்று.
டீ பாதி குடித்ததும் ஒன்று.
கரண்ட் போய் எழுபது தறியும்
ஒரே நொடியில் வாய்மூடும்போது
அந்த அமைதி தாங்காமல் ஒன்று.
பாவு அறுந்தால் ஒன்று.
முதலாளி வந்து போனால் ரெண்டு.
பதினாலு வருசம்
என் கணக்கு நோட்டில் அவர் பக்கம் முழுக்க
ஒரே எழுத்து: சி. சி. சி.

நெஞ்சு வலித்த அன்றைக்கும் கடைக்குத்தான் வந்தார்.
"வாய்வுங் அக்கா, ஒரு சோடா குடுங்."
இடது தோளை நீவிக்கொண்டே நின்றார்.
சோடா கொடுத்தேன்.
கேட்டார், அதையும் கொடுத்தேன்.
காற்றடித்தது, கை மறைத்துக் கொளுத்தியும் கொடுத்தேன்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கோயமுத்தூரில் கம்பிவலை ஒன்று வைத்து
ஒன்பதாம் நாள் பல்லடம் திரும்பினார்.
அதற்கு முன்பே எனக்கு ஃபோன் வந்துவிட்டது.
"நான் ஜெசிந்தா, இருதய வார்டு நர்ஸ்.
எந்தக் கடையில வாங்குவார்னு கேட்டேன்,
உங்க நம்பர் குடுத்தாங்க."
திட்டப்போகிறாள் என்று
மிட்டாய் ஜாடிகளை நேராக்கிக்கொண்டே கேட்டேன்.
அவள் திட்டவில்லை.
"எந்தெந்த நேரத்துக்கு வருவார்னு சொல்லுங்கக்கா,
எழுதிக்கிறேன்."

சொன்னேன்.
பரீட்சையில் வாழ்நாளில் முதன்முறையாகத்
தெரிந்த கேள்வி வந்ததுபோல்
வரிசையாகச் சொன்னேன்.

"அந்த நெனப்பு வந்தா அஞ்சு நிமிசம்தான் நிக்கும்க்கா.
அந்த அஞ்சு நிமிசம் உங்க கடை வாசல்லதான் நடக்குது.
அங்க நான் இல்ல."

தறிக்கு ஒரு மாசம் போகக் கூடாது.
ஆனாலும் ஆறேகாலுக்குக்
கால் அவரைக் கொண்டுவந்து விட்டது.
நெருப்புக் கயிற்றை அக்கட்டால் மாட்டினேன்.
டீயை அரை அரை டம்ளராக ரெண்டு தடவை கொடுத்தேன்,
கை சும்மா இருக்கக் கூடாதாம்.
கரண்ட் போனால்
ஒரு படி கடலையைக் கொட்டி உரிக்கச் சொன்னேன்.
சலித்துக்கொண்டே உரித்தார்.
பாதியைத் தின்றார்.

முதல் வாரம் எரிந்து விழுந்தார்.
"காசு குடுத்தாக் குடுக்கோணுமுங்,
நீங்க என்ன டாக்டருங்களா?"
கோபத்திலும் 'ங்' விடவில்லை மனுசன்.
"ஸ்டாக் இல்லீங்" என்றேன்.
கண்ணெதிரே அடுக்கியிருக்கிறது ஸ்டாக்.
ரெண்டு பேரும் அதைப் பார்த்தோம்.
பிறகு ரெண்டு பேரும்
ரோட்டில் போகும் கோழி லாரியைப் பார்த்தோம்.

பதினேழாம் நாள் வேறு கடைப் புகையோடு வந்தார்.
பெஞ்சில் உட்காரவில்லை.
"போச்சுங் அக்கா. எல்லாம் போச்சு."
ஜெசிந்தாவைக் கூப்பிட்டு
ஃபோனை அவர் கையில் கொடுத்தேன்.
அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.
இவர் சொன்னது மட்டும் கேட்டது:
"ஒண்ணுங்... ஒண்ணே ஒண்ணுதானுங்...
ஆமாங்... பதினாறு நாளுங்...
அது அப்படியே இருக்குதுங்களா?"
திருப்பித் தரும்போது ஃபோன் ஈரமாயிருந்தது.
வேர்வையா என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவும் சொன்னால்
நான் நல்லவள் என்று ஆகிவிடும்.
அன்றைக்கும் இதே கையால்
நாற்பது பேருக்கு எடுத்துக் கொடுத்தேன்.
மகளின் காலேஜ் பஸ் காசு
அந்த அட்டைப் பெட்டியிலிருந்துதான் போகிறது.
மேலட்டையின் அழுகிய படத்தை
உள்பக்கம் திருப்பி அடுக்குகிறவளும் நான்தான்.

நோட்டில் அவர் பக்கம் இப்போது
கடலை, கடலை, சோடா, பன், கடலை.
நடுவே எங்கோ ஒரு சி.
வேறு கடையில் வாங்கியதுதான்.
நானே எழுதி வைத்தேன்.

இன்றைக்குப் பொழுதோடு
வார்ப்பிங்கில் புதிதாய்ச் சேர்ந்த பையன் வந்தான்.
முப்பதுகூட இருக்காது.
ஒரு கையில் இருபது ரூபாய்.
இன்னொரு கை
இடது தோளை நீவிக்கொண்டிருந்தது.
"ஒண்ணு குடுங்க்கா. ஒரு சோடாவும்.
வாய்வு போலிருக்குதுங்."
கயிறு எங்கே என்று தேடினான்.

நானும் தேடினேன்,
ஃபோனை.